பூட்டும் முன்

குன்னூரில் மூன்றாம் மாடி.
துணி காயாத பால்கனியின்
இடது மூலையில் மட்டும்
நெட்வொர்க் இரண்டு கோடு நிற்கும்.

ஏழரை என்றால் சனி என்பார்கள்;
அரசுப் பள்ளிக்காரிக்கு
அது ஒதுக்கீட்டுச் சதவீதம்.
வருமானச் சான்றிதழை
அரிசி டப்பாவில் வைத்தும் ஈரம் விடவில்லை.
ஸ்கேன் செய்தபோது
அப்பாவின் வருமானத்துக்குப் பின்னால்
கறையாக இன்னொரு சைபர்.
“யோகம்தான்” என்றார் கடைக்காரர்.

“முதல்ல ஊட்டியப் போடு.
சனிக்கிழமையானா வந்துடலாம்.”
அம்மா சொன்னபடி போட்டேன்.

மேல்வீட்டு பெள்ளி அண்ணன் இருமுகிறார்.
போன வருடம், முதல் முறை நீட் எழுதியபோது,
அது வெறும் தொந்தரவு.
இந்த வருடம் வேதியியல் நோட்டின் ஓரத்தில்
குறித்து வைக்கிறேன்:
1.10, 1.25, 1.32.
இரண்டாம் மாடியில் நின்றுவிடுகிறார் இப்போதெல்லாம்,
சாவி தேடுவது போல.
எக்ஸ்ரே எடுங்கண்ணா என்றேன்.
“மொதல்ல நீ சீட்டு வாங்கு.”

ஒன்றே முக்கால்.
எதிர் ஃபிளாட்டே பனியில் காணோம்.
ஊட்டியை ஒன்பதாவதுக்கு இறக்கினேன்.
தூத்துக்குடி மேலே ஏறியது.
போனதில்லை.
உப்பே காயும் ஊர்,
துணி காயாதா.

பட்டியலைப் பூட்ட வேண்டும்.
ஓடிபி அம்மா போனுக்குத்தான் வரும்.
எழுப்பினேன்.
போர்வையோடு வந்து
அதே மூலையில் போனை உயர்த்திப் பிடித்து
ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.
பிறகு என் கைமுட்டியில்
பிரிந்திருந்த நூலை இழுத்துப் பார்த்தாள்.
“அங்கெல்லாம் ஸ்வெட்டர் வேண்டியிருக்காது.”

மேலே மறுபடி.
1.58.