ஐயாயிரத்துப் பதினைந்து

மென்பொருள் கேட்ட முதல் கேள்வி,
கணக்கு எண்ணுக்கு எத்தனை இலக்கம்?
மூன்று போதாதா என்றார் கக்கி கவுடர்,
ஃபாக்டரியில் மொத்தமே நாற்பது தலைப்புதானே.
குன்னூரிலிருந்து பைக்கில் நனைந்து வந்த முபீன்
ஆறு வைங்க மேடம், பின்னாடி மாத்த முடியாது என்றான்.
நான்கில் வந்து நின்றோம்.
கோத்தகிரி முழுக்க மூடுபனி.
ஜன்னலுக்கு அந்தப் பக்கம் எடைக்கூடம் இருந்தது,
பிறகு இல்லை.

ஒன்றில் தொடங்குபவை நம்மிடம் இருப்பவை:
பாய்லர், இரண்டு லாரி, ஏலம் முடிந்தும் வந்து சேராத பணம்.
இரண்டில் தொடங்குபவை நாம் தர வேண்டியவை.
மூன்று முதல், அதைப் பற்றிக் கவுடர் பேசமாட்டார்.
நான்கு வரவு. ஐந்து கொள்முதல்.
ஆறு, தினமும் கையை விட்டுப் போகிறவை.

எண்ணை எழுத்தாக எடுத்துக்கொண்டால்
பத்து வந்து இரண்டுக்கு முன்னால் நிற்கும் என்றான் முபீன்.
ஊட்டி பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவன் மாதிரி என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.

பத்துப் பத்தாகத் தாண்டிப் போனேன்.
5010 பசுந்தேயிலை.
5020 விறகு.
5030 சாக்கு, சணல், தைக்கிற நூல்.
நடுவில் ஒன்பது எண்ணை எதற்கு வீணாக்குகிறாய் என்றார்.
செடிக்கும் செடிக்கும் நடுவில் நீங்கள் எதற்கு விடுகிறீர்கள்?
ஆள் நுழைய, என்றார்.
இதுவும் அதற்குத்தான்.

பழைய பேரேட்டில் 'பலவகை' என்றொரு தலைப்பு
பதினான்கு வருஷமாய்த் தின்று கொழுத்திருந்தது.
வயிற்றைக் கிழித்துப் பார்த்தேன்:
காட்டெருமை சாய்த்த கம்பிவேலி,
ஹெத்தையம்மன் பண்டிகை நன்கொடை,
உறைபனி இரவில் வாட்டும் தொட்டி ஆட்களுக்கு
வெளிக்கடையில் வாங்கிய டீ,
யாரோ ஒரு இன்ஸ்பெக்டர் மகளுக்குக் கைக்கடிகாரம்.
ஒவ்வொன்றுக்கும் கதவு எண் கொடுத்தேன்.
கடிகாரத்துக்கு மட்டும் கவுடர் விடவில்லை.

பிறகு, எந்தத் தலைப்பிலும் இல்லாத ஒன்று.
மழைநாளில் நூறு கிலோ கொழுந்து வந்தால்
ஈரத்துக்கு எட்டு, சாக்குக்கு இரண்டு,
சீட்டில் தொண்ணூறு.
ஈரம் எட்டு இல்லை, நான்கோ ஐந்தோதான் என்று
வாட்டும் தொட்டிக்குத் தெரியும்.
மிச்சம் ரோலரில் அரைபட்டு
மூட்டை ஏறி ஏலத்துக்குப் போகிறது, பெயரில்லாமல்.

5015 என்று தட்டினேன். பக்கத்தில், கழிவு எடை.
கவுடர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
கொடுக்காத பணத்துக்கு எதுக்கும்மா கணக்கு?
5010-க்குள்ளயே கிடக்கட்டும்.
இத்தனை வருஷம் கிடந்துச்சே.
முபீன் விசைப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.
ஒன்பது முறை அழுத்தி எழுத்தை எல்லாம் அழித்தேன்.
பெயர் போனது.
எண்ணை வேறு எதற்கும் நான் தரவில்லை.

ஜூன் கடைசியில்
அரவேனு மிச்சி வந்து நின்றாள், தலையில் பிளாஸ்டிக் சாக்கு,
கையில் ரப்பர் பேண்ட் போட்ட சீட்டுக்கட்டு.
சண்டைக்கு வரவில்லை.
ஏப்ரல்லேந்து எங்கிட்ட எவ்வளவு கழிச்சிருக்கீங்க,
மொத்தமா ஒரு நம்பர் சொல்லு, போதும்.
எம் பொண்ணு கேக்குறா, சொல்லத் தெரியல.

நம்பர் இருந்தது.
அதற்குள் ஒன்றுமில்லை.

கவுடர் மேட்டுப்பாளையம் போயிருந்தார்.
மிச்சியை பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு
5015-க்குப் பெயரைத் திரும்ப எழுதினேன்.
நடுவில் ஒருமுறை கரண்ட் போனது,
யூபிஎஸ் கத்திக்கொண்டே இருந்தது.
சீட்டுச் சீட்டாக ஏற்றி முடிக்கையில் மணி ஐந்தரை.
நூற்று நாற்பத்தாறு கிலோ, என்றேன்.
அவள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.
பேனா கேட்டாள், உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்,
கடைசி பஸ்ஸுக்கு ஓடினாள்.

பதிவு விழுந்த கணக்கை அழிக்க இயலாது
என்று திரையில் ஒரு வரி வந்தது, நான் எதையும் கேட்காமலே.
அலமாரியில் இன்னும் இருநூற்றுப் பதினெட்டுப் பேரின் சீட்டு.
அடுத்த கட்டை அவிழ்த்தேன்.
நூல் ஈரமாக இருந்தது, முடிச்சு வரவில்லை.