காதில் மை வைத்த சிங்கம்

ஐம்பது ராண்டு நோட்டில் ஒரு சிங்கம் இருக்கிறது.
அதன் காதில்
பச்சைப் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன்.
சட்டப்படி தப்பா என்று தெரியாது.
தெரிந்துகொள்ளவும் போகவில்லை.

கிளென்கோவில்
ஆணியும் பெயின்டும் பூட்டும் விற்கும் கடையில்
கல்லாவில் உட்கார்ந்திருப்பவள் நான்.
ஓய்வூதிய நாளில் ஊருக்குப் பணம் வரும்.
ஒன்பது மணிக்கு வந்தது
பதினொன்றுக்கு டாக்ஸி ஏறி
நியூகாசிலுக்குப் போய்விடும்.
மால் அங்கே. மருந்து அங்கே.
ரொட்டிகூட அங்கிருந்துதான்
லாரியில், முந்தாநாள் முகத்தோடு வரும்.
நிலக்கரி போன அதே பாதை;
என்ன, நிலக்கரி போகும்போது சத்தமாவது கேட்டது.

செல்வத்துக்குள்ளேயே 'செல்' இருக்கிறது என்று
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சிரித்திருக்கிறோம்.

கூட்டம் போட்டோம். அன்றைக்கு மழை. பதினேழு பேர்.
ரயில்வேயின் பழைய சரக்குக் கொட்டகையை
ஆண்டுக்கு ஒரு ராண்டு வாடகைக்குக் கொடுத்தார்கள்,
கூரையில் பாதியைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு.
ரொட்டி சுடலாம் என்றாள் ஹ்லெங்கிவே.
மாவு யார் வாங்குவது, சாவி யாரிடம் என்பதிலேயே
மூன்று செவ்வாய்க்கிழமைகள் போயின.
கடைசியில் பணப்பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று வீட்டில் சாவி.
பூட்டுகள் எங்கள் கடையில் வாங்கியவை.
விலை குறைக்கவில்லை என்று அதற்கும் ஒரு சண்டை.

ஆற்றைக் குடித்துக்கொண்டிருந்த வாட்டில் மரங்களை
வெட்டி அடுக்கினார்கள். அடுப்புக்கு அது போதும்.
மின்வெட்டில் மாவு பிசையக் கூரையில் சூரியத் தகடு.
பதித்த ஐந்தாம் இரவு
செம்புக் கம்பியை அறுத்துக்கொண்டு போனார்கள்.

அறுத்தவன் யாரென்று எல்லோருக்கும் தெரியும்.
போலீஸுக்குப் போகலாம் என்றாள் தேவராணி மூடலி.
முஸிவாகே போனது அவன் வீட்டுக்கு.
வாசலில் நின்று,
"ராத்திரிக் காவலுக்கு ஆள் வேண்டும், வருகிறாயா?" என்றான்.
அவன் வந்தான்.
கம்பி வரவில்லை.

முதல் நாள் சுட்டதெல்லாம் கரி.
பழைய தொழிலை விட மனமில்லை போல என்று
டாக்ஸி நிறுத்தத்தில் சிரித்தார்கள்.
சிரித்தபடியே ஆளுக்கொன்று வாங்கினார்கள்.

அந்த மாதம்தான் சிங்கத்தை அவிழ்த்துவிட்டேன்.
ரொட்டிக்குக் கொடுத்தேன்.
கொட்டகையிலிருந்து விறகு வெட்டியவன் கைக்கு;
அவன் மகளின் பள்ளிச் சீருடைக்காகத்
தேவராணியின் தையல் மிஷினுக்கு;
அங்கிருந்து டயர் ஒட்டும் இஸ்மாயிலுக்கு;
இஸ்மாயில் ஒரு கிலோ ஆணி வேண்டுமென்று
என் முன்னாலேயே வந்து நீட்டினார்.
பத்தொன்பது நாள்.
மடிப்பில் கொஞ்சம் மாவு.

மறுபடி விட்டேன். டீசல் வாசத்தோடு வந்தது.
மறுபடி. ஒரு மூலை கிழிந்து வந்தது.
யார் கொடுத்தார்கள், எதற்கு என்று
கேட்டுக் கேட்டுக் கணக்கேட்டின் பின்பக்கத்தில் எழுதினேன்.
பரிமளாவுக்குப் பைத்தியம் என்ற செய்தி
நோட்டைவிட வேகமாக ஊரைச் சுற்றியது.

ஜூலையில் அது வரவில்லை.
மாவு விலை ஏறியது. இரண்டு பேர் விலகினார்கள்.
ஒரு வாரம் அடுப்பு எரியவில்லை.
நியூகாசில் ரொட்டியை
பிளாஸ்டிக் உறையோடு மேஜையில் வைத்துவிட்டு
வெகுநேரம் சாப்பிடாமல் இருந்தேன்.
பிறகு சாப்பிட்டேன். பசி.

அடுப்பு மறுபடி எரிந்தது. சிங்கம் வரவில்லை.

ஆகஸ்டில் ஒரு பையன்,
முன்பு பார்த்ததில்லை,
அரை அங்குலத் திருகாணி கேட்டு நீட்டிய ஐம்பதில்
சிங்கத்தின் பிடரியில் ஒரு புள்ளி.
சிவப்பு.
என்னுடையது இல்லை.

யார் வைத்தது என்று கேட்க வாய் வந்தது.
கேட்கவில்லை. சில்லறையை இரண்டு தடவை எண்ணினேன்.

பையன் போனதும்
என் பர்ஸிலிருந்து ஓர் ஐம்பதைக் கல்லாவில் போட்டு
அதை எடுத்துக்கொண்டேன்.
வெள்ளிக்கிழமை,
கொட்டகைக் காவல்காரனின் சம்பளக் கவரில்
மேலாக வைத்தேன்,
பிடரி தெரியும்படி.