அடி

ஆயிரத்து நூறு அடி போட்டும்
எங்கள் காட்டில் வந்தது வெள்ளைப் புழுதி.
ஊருக்கெல்லாம் தண்ணி காட்டிய ரிக் நல்லசிவத்துக்கு
திருச்செங்கோடே சிரித்தது.
அந்தக் கடனுக்குத்தான் தான்சானியா.
வண்டி கப்பலில், அவர் விமானத்தில்,
நான் வட்டிக்காரர் வாசலில்.

ஆறு வருசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை
பழைய ஆம்னியைத் துடைத்து நிறுத்தி
"ஏறு புள்ள" என்றார்.
"எங்கீங்க?"
"நீ கேட்ட ஏரிக்கு."

கண்ணாடியில் மலை சிறுத்துக்கொண்டே வந்தது.
மேலே இருப்பவர்களுக்குப் பாதிப் பாதியாய் ஒரே உடம்பு.
ஆளுக்கொரு கண்டத்தில் கிடக்கிற பாடில்லை.

சங்ககிரியில் தட்டுவடை செட் ரெண்டு பொட்டலம்.
அப்புறம் சுங்கச்சாவடி.
"வைகுந்தத்துக்கே டோல் வெச்சுட்டானுக பாரு"
அவரே சொல்லி அவரே சிரித்தார்.
ஆள் இல்லாத இடத்தில் பழகிய சிரிப்பு.
பக்கத்தில் ஒருத்தி இருக்கிறாள் என்பது
அதற்கு இன்னும் தெரியவில்லை.

அவர் அங்கிருந்து அனுப்பிய போட்டோ
என் போனில் இருக்கிறது.
எரிமலை வாயில் ஏரி.
நெருப்புக் கக்கிய வாய்
வயிறு முட்டத் தண்ணி குடித்துவிட்டுப் படுத்திருக்கிறது.
கரையெல்லாம் சாம்பல் நிறம்.
சாம்பலின் மேல் ரெண்டு நிழல்.
ஒன்று அவருடையது, தோள் சரிவு தெரியும்.
இன்னொன்றின் தலையிலிருந்து
ஏதோ பறக்கிறது,
சேலைத் தலைப்பு மாதிரி.

கருவேலங்காட்டுக்குள் பாதை சட்டென்று முடிந்தது.
வெடி வைப்பதை எப்போதோ நிறுத்திய பாறைக்குழி.
கீழே
மயில்துத்தம் கரைத்த டிரம் போல
அசையாமல் ஒரு பச்சை.
"இதுவா ஏரி?"
"நம்மூருக்கு இதான். அதுக்கு நெருப்புத் தோண்டுச்சு,
இதுக்குக் கம்ப்ரசர்."

குந்தி உட்கார்ந்து தட்டுவடை தின்றோம்.
பீட்ரூட் அவர் மீசையில் ஒட்டியிருந்தது.
ஒரு கல்லை எடுத்து வீசினேன்.
பழக்கதோசம், அவர் வாய் எண்ண ஆரம்பித்தது,
ஒண்ணு, ரெண்டு, மூணு...
வளையங்கள் பாறையைத் தொட்டுத் திரும்பும்வரை எண்ணினார்.
நெருப்புத் தூணுக்கு அடி தேடி
பன்றியாய் மண்ணைத் துளைத்துப் போன சாமி
இவர் தொழில்காரர்தான்.
அவருக்கும் அடி அகப்படவில்லை.

"அந்த ஏரி எத்தனை அடி?"
"ஆரு கண்டா. அங்கத்தவங்க அடியே இல்லைம்பாங்க."
"கூட ஆரு வந்தா?"

கேட்டுவிட்டேன்.
தட்டுவடை வாய்க்குள் நொறுங்காமல் நின்றது.

"எங்க, ஏரிக்கா? குழந்தைவேலு.
நம்ம மொளசிக்காரன், சமையலுக்கு வந்தானே.
வெயில் தாங்காம துண்டத் தலையில போட்டுக்கிட்டு
வழியெல்லாம் பொலம்பிக்கிட்டே வந்தான்.
ஏன்?"

ஏன் என்றால் என்ன சொல்ல.
ஆறு வருசம்
அவளுக்கு நிறம் கொடுத்தேன், உயரம் கொடுத்தேன்,
ராத்திரியில் அவளோடு சண்டை போட்டு
காலையில் வட்டி கட்டினேன்.
ஒரு தடவை, காய்ச்சலில்,
இவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி
அவளிடமே கெஞ்சினேன்.
அவளுக்கு மொளசியில் வீடு இருக்கிறது,
மீசை இருக்கிறது.

சிரிப்பு வந்தது. நிற்கவில்லை.
அவரும் காரணம் தெரியாமல் கூடச் சிரித்தார்.
குழி அதை எடுத்து ரெண்டு தடவை திருப்பிக் கொடுத்தது.

"இதக் கேக்கறதுக்கு ஆறு வருசமா?" என்றார்
வெகுநேரம் கழித்து.
அடி தெரியாத இடத்தில்
எப்படிக் கல் போடுவது என்று சொல்லவில்லை.
மீசையைத் துடைத்துவிட்டேன்.

கிளம்பும்போது குனிந்து
ஒரு சிட்டிகைப் பாறைப்பொடியை நாக்கில் வைத்தார்.
கண்ணை மூடிக்கொண்டார்.
எந்த ஊரில் வண்டி நின்றாலும் இதைத்தான் செய்வாராம்.
"என்ன சொல்லுது?"
"உப்பு."

வண்டியில் போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.
குழந்தைவேலுதான். துண்டுதான்.
ஆனாலும் அது
சேலைத் தலைப்பாகத்தான் பறக்கிறது.