வினைமுற்று

ருப்ஷு சமவெளியில் முதல் இரவு.
விரலில் மாட்டிய கருவி எழுபத்தொன்று என்றது.
குன்ஸெஸ் வாங்கித் தன் விரலில் மாட்டினாள்,
தொண்ணூறு.
பிறகு ஓர் ஆட்டின் காதில்.
கருவி யோசித்துக்கொண்டே இருந்தது.

நான் சொல்ல நினைத்ததெல்லாம்
எழுவாயோடு கிளம்பி
செயப்படுபொருளைத் தூக்கிக்கொண்டு
நாலடி ஏறி
மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டது.
நம் மொழியில் வினை கடைசியில்தானே வரும்.
வரவில்லை.
"தண்ணி கொஞ்சம்" என்றேன்.
"நாளைக்கு நான்" என்றேன்.
ஊருக்கே ஒன்றான சாட்டிலைட் போனில்
மனைவியிடம் "உன்னை" என்றேன்.
காசு ஓடிக்கொண்டிருந்தது.
"என்னை? என்னை என்ன?" என்றாள்.

குன்ஸெஸ் அடுப்பில் ஆட்டுப்புழுக்கை அள்ளிப் போட்டாள்.
பூண்டு நசுக்கிக் கஞ்சி வைத்தாள்.
பேசாதே என்று கரண்டியால் காட்டினாள்.
கூடாரத்து உச்சி ஓட்டையில்
புகை போனபின் ஒரு நட்சத்திரம் இருந்தது.

விடியலில் வெளியே நின்று
ஏரிக்கரை மந்தையையும்
அதை மேய்ப்பதாகச் சொல்லித் தூங்கும்
ஸ்டோப்தானையும் சேர்த்துத் திட்டினாள்.
ஒரே வாக்கியம்.
எனக்குத் தெரியாத மொழி.
இருந்தும் அது வளைந்து வளைந்து ஏறிப்போய்
முடிவில் ஒரு வினையில் கால் வைத்தது
எனக்குக் கேட்டது.
நானூறு ஆடுகளும் திரும்பின.
கடைசியாக, தொப்பியைத் தேடியபடி, அவள் புருஷன்.

நாலாம் நாள் இறங்கினேன்.
உப்ஷி டீக்கடையில் காற்று கெட்டியாக இருந்தது.
தொக்கி நின்றவை ஒவ்வொன்றாய் வந்து சேர்ந்தன:
வேண்டும், கிளம்புகிறேன்.
போன் எடுத்தேன்.
அவள் காத்திருந்தாள், மூச்சுகூட விடாமல்.

"சாப்பிட்டியா" என்றேன்.