காகிதத்தில் இருநூற்றுப் பத்து

காகிதத்தில் இருநூற்றுப் பத்து.
ஏசி போட்டு, ஆளும் ஏறினால்
நூற்றி முப்பது வருமுங்க என்றான் ஷோரூம் பையன்,
மேனேஜருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி.
அந்தத் தாழ்ந்த குரலுக்காகவே
முன்பணம் கட்டலாம் என்று தோன்றியது.

பக்கத்தில் நின்றது
நானூற்றைம்பது போகிற வண்டி.
ஆறு லட்சம் கூட.
அந்த ஆறு லட்சத்தையும்
நான் போகாத ஊர்களுக்குக் கட்ட வேண்டும்.

கறிக்கோழிப் பண்ணைகளுக்கு சூப்பர்வைசர் நான்.
எத்தனை தின்று எத்தனை எடை வைத்தது என்று
பதினோரு வருடமாய்க் கணக்கெழுதும் கை.
தீனிப்பை பெரிதென்று
எந்தக் கோழியையும் யாரும் மெச்சிப் பார்த்ததில்லை.

பல்லடம், பொங்கலூர், கொடுவாய், குண்டடம்.
சுற்றி வீடு வந்தால் எண்பத்திச் சொச்சம்.
மழையோ வெயிலோ மொபெட்டில்,
மடியில் தராசு.

"திடீர்னு மதுரைக்குப் போகோணும்னா
என்ன பண்ணுவீங்க அண்ணி?"
கொழுந்தன் நாச்சிமுத்து கேட்டான்.
மதுரையில் எங்களுக்கு யாரும் இல்லை.
ஆனாலும் கேள்வி ராத்திரி தூங்கவிடவில்லை.
எழுந்து, தீவன நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்.

மூன்று வருடத்தில்
நூறு கிலோமீட்டர் தாண்டியது நாலு தடவை.
சென்னைக்கு ரயில்.
திருவண்ணாமலைக்கு பஸ்.
தேனியில் ஒரு கல்யாணம், வேனில்,
போகும்போதும் வரும்போதும் வாந்தி.
நாலாவது வேலூர்,
அவரைப் படுக்கவைத்து ஆம்புலன்சில்.
டீசல் எவ்வளவு இருக்கிறது என்று
அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை.
திரும்பும்போது என்னை
முன்சீட்டில் உட்காரச் சொன்னார்கள்.

மீதி நாளெல்லாம் இந்த வட்டத்துக்குள்தான்.
குறையென்று பட்டதில்லை,
ஒருவர் வந்து அதற்கு நம்பர் சொல்லும் வரைக்கும்.

சின்னதையே எடுத்தேன்.
டீ நிறம். மிச்சமிருந்தது அதுதான்.

ஆடி மூன்றாம் வாரம்.
பாலக்காட்டுக் கணவாய் வாயைத் திறந்துவைத்திருந்தது.
குண்டடம் தாண்டி மேற்கே திரும்பியதும்
நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது காற்று.
ஐம்பத்திரண்டு. நாற்பத்தைந்து.
முப்பத்தெட்டு.
ஏசியை அணைத்தேன்.
பாட்டை நிறுத்தினேன்.
பாட்டுக்கு என்ன பெரிய கரண்ட் ஆகிவிடும்,
தெரியும், ஆனாலும் நிறுத்தினேன்.
முப்பத்தொன்று.

ரோட்டின் இருபுறமும் காற்றாலைகள்,
சோளத்தட்டுக்கு மேலே,
யாருக்கும் அவசரமில்லை என்கிற மாதிரி சுற்றின.
என்னை நிறுத்தப் பார்க்கிற அதே காற்று
அங்கே கம்பியில் இறங்கிக்கொண்டிருந்தது.
சட்டைப்பையில் எடுத்து
மேசைக்கடியில் திருப்பித் தருகிற ஆள் அது.
சிரிப்பு வந்தது.
இருபத்திநாலு என்றதும் நின்றுவிட்டது.

கேத்தனூர். மாராக்காள் பண்ணை.
பத்தொன்பது சதவீதம்.
வீடு இன்னும் பதினேழு கிலோமீட்டர், எதிர்க்காற்றில்.
தூரம் போதும்,
மனசுதான் போதவில்லை.

பண்ணைக்காரியிடம் கைநீட்டக் கூடாதென்பது
கம்பெனி விதி. மோர்கூட வாங்கியதில்லை.
"பிளக் ஒண்ணு வேணுமுங்க" என்றேன்.

குஞ்சு இறங்கி மூன்றே நாள்.
படுதா இறக்கிய கொட்டகைக்குள்
மஞ்சள் பல்புகள், அதனடியில்
கிசுகிசுவென்று ஒரு ஊரே நின்றது.
அதே போர்டில் என் வயரையும் சொருகினாள்.
பல்புகள் ஒருதரம் மங்கி
நிமிர்ந்தன.

"எத்தன தூரம் போகுமுங்க இது?"

"உங்க பண்ணை வரைக்கும்."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் மாராக்காள்.
இருபது ரூபாய் நீட்டினேன்.
பில்லு ரெண்டு மாசத்துக்கு ஒருக்காத்தானுங்க வரும்,
அப்பப் பாத்துக்கலாம் என்றாள்.

ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.
வேறு வேலை இல்லாததால்
வழக்கத்தைவிட ஐம்பது குஞ்சு
கூடுதலாக எடைபோட்டேன்.

சராசரி
கொஞ்சம் ஏறியிருந்தது.