அரிஷ்டம்

இரண்டு ஸ்வெட்டருக்கு நடுவே
பிறந்த பிள்ளையைப் போல் சுற்றி
கால்வேயிலிருந்து கொண்டுவந்தாள் ஜெசிந்தா.
போர்ட் ஒயின். கறுத்த குப்பி.
சீட்டில் ஆண்டு போட்டிருந்தது, 2003.
"நாம நாலுபேரும் பார்மகாலஜியில தோத்த வருஷம்லாட்டி"
என்றாள் றோஸ்லெட்.
"அதுக்குத்தானே இத எடுத்தேன்.
பாஸான வருஷமும் கெடந்துது. வெல கூடுதல்."

களியக்காவிளையில் அஜிதகுமாரியின் வீடு.
அடுக்களை தமிழ்நாடு, கிணறு கேரளம்.
துணி காயப்போடப் போகும்போதெல்லாம்
அடுத்த மாநிலத்துக்கு வரவேற்கும் செல்போன்.
வீட்டுக்காரர், பிள்ளைகள், மாமியார்
எல்லோரும் புனலூரில் ஒரு கல்யாணத்துக்கு.

சனிக்கிழமை சாயங்காலம்
நாலு நர்சுகளும் ஒரு தக்கையும்.
எந்தக் கிழவியின் கையிலும்
முதல் குத்திலேயே நரம்பு பிடிப்பவர்கள் நாங்கள்.
கத்தரி உடைந்தது.
காலண்டரை இறக்கி வைத்துப் பிடுங்கிய ஆணி வளைந்தது.
கடைசியில் அகப்பைக் காம்பால் நான்
உள்ளே ஒரு தள்ளு.
தக்கை போனது, ஒயின் வந்தது,
றோஸ்லெட்டின் நைட்டியில்
மஞ்சள் பூவெல்லாம் செம்பருத்தி.

குப்பியின் அடியில் கசடு.
கெட்டுப்போயிற்று என்றாள் அஜிதா.
இல்லை, வயசானால் அப்படித்தான் என்றாள் ஜெசிந்தா.
யாரைச் சொன்னாள் என்று
கொஞ்சநேரம் யாரும் கேட்கவில்லை.
மாமியாரின் ஈரிழைத் தோர்த்தில் வடிகட்டினோம்.
கறைக்குப் பதில் தயாராக இருந்தது: பீட்ரூட்.

முதல் வாய்
இருமல் மருந்தின் மூடியில் அளந்து. பத்து மில்லி.
"சாப்பாட்டுக்குப் பொறவு, நாளைக்கு ரெண்டு நேரம்."
அஜிதா கண்ணை மூடினாள், திறந்தாள்.
"எளவே, இது திராட்சாரிஷ்டம்லா!
பிரசவத்துக்குப் பிறகு தொண்ணூறு நாள் குடிச்சேனே,
இதுக்கா நீ விமானம் ஏறிப் போன?"

றோஸ்லெட் மட்டும் மெதுவாகக் குடித்தாள்.
நாற்பது வருடமாய்ப் பூசையில்
அச்சன் தனியாகக் குடிப்பதைப்
பார்த்துக்கொண்டே இருந்தவள்.
"இவ்வளவு இனிப்புன்னு
ஒருநாள்கூட முகத்துல காட்டலியே மனுஷன்."

பிறகு எவர்சில்வர் டம்ளர்.
முந்திரிக்கொத்தைக் கடித்துக் குடித்தால்
வெல்லமும் ஒயினும் வாய்க்குள் சண்டை போட்டு
சம்பந்திகளாகிவிடுகின்றன.
அதன் பின் யார் என்ன சொன்னோம் என்பது
வரிசையாக நினைவில்லை.
அஜிதா வேலையை விடப்போகிறாள்.
றோஸ்லெட் விடமாட்டாள், கடன்.
என் முழங்கால்.
அங்கே இரவு டூட்டியில் யாராவது இறந்தால்
ஜன்னலைத் திறந்துவைப்பார்களாம்,
போகிறவர் போக.
குளிர்காலத்திலுமா என்றேன்.
குளிர்காலத்தில்தான் அதிகம் என்றாள் ஜெசிந்தா,
டம்ளரைக் கழுவப்போனாள்.
கிணற்றடியில் ரொம்பநேரம் நின்றாள்.
கேரளத்தில் தண்ணீர் விழும் சத்தம்
தமிழ்நாட்டில் கேட்டது.

ஞாயிறு மத்தியானம் மிச்சத்தில் பாதி.
மற்ற பாதியை இருமல் மருந்துக் குப்பியில் ஊற்றி
ஏர்போர்ட் வரை போகும் டாக்ஸியில்
நாலுபேரும் ஏறினோம்.
வழியனுப்ப மூன்றுபேர் எதற்கு என்று
டிரைவர் கேட்கவில்லை, நல்ல பையன்.

அன்றைக்கு ஒண்ணாந்தேதி.
அந்தப் பக்கம் கடையெல்லாம் அடைப்பு,
செக்போஸ்டில் மட்டும் நல்ல கூட்டம்.
இளவயது எக்சைஸ்காரன்
ஸ்வெட்டர்களைப் புரட்டினான், குப்பியைத் தொட்டான்,
மூடியைத் திருகி மோந்தான்.
"இதெந்தா?"
"அரிஷ்டம்" என்றோம், நாலு தொண்டையும் ஒன்றாக.
இன்னொரு தடவை மோந்தான்,
முதல் தடவையைவிட நீளமாக.
"எந்து சூக்கேடினா?"

எத்தனை நோய் தெரியும் எங்களுக்கு!
வார்டு வார்டாய்ப் பார்த்தவர்கள்,
ஒன்றும் வாயில் வரவில்லை.
ஜெசிந்தா சொன்னாள், சிரிக்காமல்:
"ஞாயறாழ்ச்சைக்கு, சாரே."

அவன் மூடியை இறுக்கித் திருகினான்,
கசியுமோ என்று ஒருதரம் கவிழ்த்துப் பார்த்தான்,
திரும்பக் கொடுத்தான்.
பின்னால் லாரி ஹாரன் அடித்தது.