நாற்பத்தொன்று

ந்ஜோம்பேயில் ஜூன் மாதம்
ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கமும் பனி.
மாகாண சுகாதார அலுவலகத்தில்
என் வேலை கூட்டுவது.
டப்பாக்களை, மாத்திரைகளை,
மாத்திரை விழுங்கும் ஆட்களை.

ஆறு வட்டாரத் தாள்களும்
ஐந்தாம் தேதிக்குள் வந்தாக வேண்டும்.
ஏரிக்கரைத் தாள் மட்டும் இருபதாம் தேதி வரும்,
படகில் நனைந்து, வெயிலில் காய்ந்து,
பொரித்த அப்பளமாய் நெளிந்து,
உசிபாக் கருவாட்டு வாசனையோடு.
அதில் ஏழாவது கட்டம்,
தொடர்பு அறுந்தோர்:
நாற்பத்தொன்று.

காலாண்டுக் கூட்டத்தில்
அந்த எண்ணைத் திரையில் சிவப்பாக்கினேன்.
தார் எஸ் சலாமிலிருந்து வந்த பயிற்சியாளர்
நிர்வாகத் திறன் பற்றிய முப்பது பக்கங்களில்
நான்காவதைக் காட்டும்போது கரண்ட் போனது.
இருட்டில் யாரோ கேட்டார்கள்,
"அங்கே யாராவது போய்ப் பார்த்தீர்களா?"
டாக்டர் ம்ட்வேவே என்னையே பார்த்துக்கொண்டிருந்தது
வெளிச்சம் வந்த பிறகுதான் தெரிந்தது.

லுடேவா தாண்டும் வரை ஜீப்.
பிறகு வயிற்றைக் கலக்கும் மலையிறக்கம்.
பிறகு படகு.
படகோட்டி கிஹ்வேலே
டீசல் காசை முதலிலேயே வாங்கிக்கொண்டான்.
"அரசாங்கம் எனக்கு மூன்று நடை பாக்கி."

சிஸ்டர் அட்டுகனிலே
நான் கொண்டுபோன படிவத்தைப் புரட்டவே இல்லை.
மருந்து அலமாரியின் பின்னாலிருந்து
பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்தார்.
பின்னட்டையில் பெருக்கல் வாய்ப்பாடு.
உள்ளே பெயர் கிடையாது.
மீன், இலை, சிலுவை என்று
பால்பாயிண்டால் வரைந்த படங்கள்.

"மீனென்றால், நிலா தேயத் தேய
விளக்குப் படகில் தெற்கே போகிறவர்கள்.
பதினேழு பேர். பௌர்ணமிக்குத் திரும்புவார்கள்,
நாங்கள் மருந்து கொடுக்கும் நாள் அதற்குள் தாண்டிவிடும்.
இலை, தேயிலைத் தோட்டத்தில்.
இந்தப் பெண் அங்கே வேறு பெயரில் மாத்திரை வாங்குகிறாள்.
மாமியாருக்குத் தெரியாது,
நீங்களும் எங்கேயும் எழுதிவிடாதீர்கள்.
சிலுவை ஐந்து. போன வருஷமே."

படமே இல்லாமல் ஒரு கோடு இருந்தது.
"அவர் வரமாட்டார். என்மேல் கோபம்.
வரிசையில் பேரைச் சத்தமாய்க் கூப்பிட்டுவிட்டேன்.
என் தப்புதான்."

எனக்கு நாக்கு வறண்டது.
இதையெல்லாம் ஏன் எங்களுக்கு அனுப்பவில்லை?

அவர் படிவத்தை என் பக்கம் திருப்பினார்.
ஏழாவது கட்டம்
சுண்டுவிரல் நகத்தளவு.
"இதில் எங்கே எழுத?"

திரும்பிய பின் நடந்ததைச்
சாதனை என்று சொல்ல மாட்டேன்.
மீனவர்களுக்கு மூன்று மாத மாத்திரை
ஒரேயடியாய்க் கொடுக்க நான்கு கையெழுத்து.
படகு டீசலுக்குத் தனித் தலைப்பு திறக்க ஏழு,
அதில் ஒருவர் பிரசவ விடுப்பில்.
மருந்து நாளைச் சந்தை நாளிலிருந்து
வியாழனுக்கு மாற்ற
ஒரு போன் போதுமாயிருந்தது.
ஆறு வருஷமாய் யாரும் போடாத போன்.
கிஹ்வேலேயின் மூன்று நடை
இன்றுவரை கணக்குப் பிரிவில் நிற்கிறது.

அடுத்த காலாண்டில் எண் பத்தொன்பது.
அதற்கடுத்து இருபத்து மூன்று.
டாக்டர் புருவத்தை உயர்த்தினார்,
சிவப்புப் பேனா மூடியைத் திறந்தார்.

நான் பையிலிருந்து
வாய்ப்பாடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்தேன்.
ந்ஜோம்பே பஸ் நிலையக் கடையில் வாங்கியது.
"தென்காற்று இந்த முறை முன்னாலேயே எழுந்துவிட்டது,
நான்கு படகுகள் அக்கரையிலேயே நிற்கின்றன,
அக்கரை வேறு நாடு, ஆனால்
அங்கும் ஒரு மருந்தகம் இருக்கிறது,
அங்கேயும் ஒரு சிஸ்டர் இருப்பார்..."
என்று ஆரம்பித்தேன்.

கூட்டம் சாப்பாட்டு நேரத்தைத் தாண்டியது.
தட்டுகளில் உகாலி ஆறி இறுகியது.
இரண்டு பேர் மட்டும் எழுந்து போனார்கள்.